பழைய இரும்புக்கடையில் எடைக்கு எடுத்த பணியாரக்கல்

போன தை மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக்கடைக்குள் நுழைந்தபோது, சைக்கிள் ரிம்களுக்கும் துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவில் அந்தப் பணியாரக்கல்லைப் பார்த்தேன். ஏழு குழி. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. குப்புறக் கிடந்தது. எடுக்கப் போனால் கூடவே ஒரு தோசைக்கல்லும் எழுந்து வந்தது. எத்தனை மழையில் நனைந்தனவோ, துரு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டிருந்தது.

"பிரிச்சுத் தரட்டுங்களாக்கா? சுத்தியல்ல ரெண்டு தட்டுத் தட்டினா வந்துரும்" என்றார் கடைக்காரர்.

"சுத்தியல் மட்டும் வேண்டாங்கண்ணா. அப்படியே தராசுல வைங்க."

இரண்டும் சேர்ந்து 7 கிலோ 300 கிராம். கிலோ நூறு ரூபாய் என்று ஆரம்பித்து, கடைசியில் 650 ரூபாய்க்குக் கொடுத்தார். உருக்கப் போகும் இரும்புக்கு இது அதிக விலை. ஆனால் பழைய தோசைக்கல்லைத் தேடி ஆள் வருகிறார்கள் என்பது இப்போது கடைக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது.

அதே குவியலில் ஆழமான ஒரு வார்ப்புச் சட்டியும் இருந்தது. நல்ல கனம், இரண்டு பக்கமும் காது, பார்த்ததும் கை நீண்டது. உள்ளே அடியில் சாம்பல் நிறத்தில் நாலைந்து சொட்டு உறைந்து ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினேன், பளபளவென்று கோடு விழுந்தது. கேட்டதற்கு, பேட்டரி ஈயம் உருக்கிய சட்டி என்று அவரே சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட சட்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பேட்டரியில் இருப்பது காரீயம், விஷம். அது ஒரு முறை உருகி இறங்கிய சட்டியைக் கழுவி, காய்ச்சி, தேய்த்துச் சமையலுக்குக் கொண்டுவர வழி கிடையாது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் விட்டுவிடுவதுதான் சரி. சமையலுக்கென்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவரும் அதைத் தூக்கி உடைசல் பக்கம் போட்டார்.

சுத்தியலை ஏன் தடுத்தேன் என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இரண்டு வகை இரும்புச் சாமான் உண்டு. ஒன்று கொல்லர் காய்ச்சி அடித்தது. வடச்சட்டி பெரும்பாலும் இந்த வகை. மெல்லியதாக இருக்கும், விழுந்தால் நசுங்கும், திரும்பத் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். இன்னொன்று இரும்பைத் தண்ணீராக உருக்கி மணல் அச்சில் ஊற்றிய வார்ப்பு. இதில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி சேர்ந்திருக்கும். அந்தக் கரியில் பெரும்பகுதி இரும்புக்குள் சின்னச் சின்னச் செதில்களாக உட்கார்ந்திருப்பதால் வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. ஓங்கி அடித்தால் பிளக்கும். நன்றாகக் காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் விரிசல் விடும்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே கஞ்சமலை தெரியும். அந்த மலையின் காந்தக்கல்லை எடுத்து, மண் உலையில் கரியோடு போட்டு ஊதி இரும்பு எடுத்தார்கள் நம் ஆட்கள். அந்த உலையில் இரும்பு உருகி ஓடாது, இளகிய கட்டியாக இறங்கும். அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடை வெளியேற்றித்தான் அரிவாளும் சட்டியும் செய்தார்கள். இந்தப் பக்கத்துத் தாதை நம்பி, இரும்பை உருக்கி ஓடவிடும் ஐரோப்பிய மாதிரி ஊதுலையை 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் தொடங்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத். பழைய சட்டி ஒன்றைக் கையில் எடுத்தால், இது அடித்ததா வார்த்ததா என்று முதலில் பார்ப்பது இந்தக் கதை தெரிந்த பிறகு எனக்குப் பழக்கமாகிவிட்டது. சுத்தம் செய்யும் முறையும் அதைப் பொறுத்துத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒட்டியிருந்த விளிம்பைச் சுற்றித் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவைத்தேன். காலையும் மாலையுமாக மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம், இரண்டையும் மடியில் வைத்து ஸ்டீயரிங் திருப்புவது போல மெதுவாகத் திருகினேன். முதலில் அசையவில்லை. அப்புறம் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம், கையில் தனித்தனியாக வந்துவிட்டது.

உடனே தட்டிப் பார்த்தேன். கல்லை விரல் நுனிகளில் நிறுத்திக்கொண்டு மரக்கரண்டிக் காம்பால் விளிம்பில் ஒரு தட்டு. நல்ல கல் கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால்கூட சத்தம் 'டக்' என்று அடங்கிவிடும். இரண்டுமே மணி. கடையில் தட்டிப் பார்க்க வழியில்லாமல் வாங்கியதால் மூன்று நாளாக இருந்த கவலை அந்த ஒரு தட்டில் போயிற்று. தரையில் வைத்து ஆட்டியும் பார்த்தேன். தோசைக்கல் ஒரு பக்கம் கொஞ்சம் ஆடியது. விறகடுப்புக்கு அது ஒன்றும் குறையில்லை. தட்டையான மின்னடுப்பில் வைப்பவர்களாக இருந்தால் வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சுத்தம் செய்வது. அதற்கு முன்னால் நான் ஏன் கிரைண்டிங் மெஷினைத் தொடுவதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாயியின் தோசைக்கல் என்னிடம்தான் இருக்கிறது. அவர் இறந்த பிறகு சில வருடம் பரணில் கிடந்து துருப்பிடித்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் அதை எடுத்து, ஒரு பட்டறையில் கொடுத்து, "நல்லா வெள்ளையா ஆக்கிக் குடுங்க" என்று நானே கேட்டேன். அவர்களும் கேட்டபடி செய்து கொடுத்தார்கள். வெள்ளி மாதிரி மின்னியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கல் முழுக்க வளையம் வளையமாகச் சக்கரத்தின் கீறல். விரலை ஓட்டினால் நறநறவென்றது. அம்மாயி இருந்தபோது அந்தக் கல்லின் நடுப்பகுதி கூழாங்கல் போல வழுவழுப்பாக இருக்கும். கல் வாங்கிய நாளில் அப்படி இருந்திருக்காது. தினமும் தோசைத்திருப்பி உரசி உரசி, வெங்காயம் தேய்த்துத் தேய்த்து, முப்பது நாற்பது வருடத்தில் வந்த வழுவழுப்பு அது. பத்து நிமிடத்தில் போய்விட்டது. அதன் பிறகு தோசை எடுக்கவே வரவில்லை.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட ஒரே கணக்கு இதுதான். இரும்பின் மேல் ஏறியதை மட்டும் எடுக்க வேண்டும், இரும்பை எடுக்கக் கூடாது. கம்பி பிரஷ் மாட்டிய ட்ரில், உப்புத்தாள், சாணைக்கல் எல்லாம் மேலே இருப்பதையும் எடுக்கும், கீழே இருப்பதையும் எடுக்கும். நெருப்பில் போட்டு எரிப்பதும் வேண்டாம். கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் வெறுங்கல்லைப் போட்டால் அழுக்கு எரியும், உண்மைதான். ஆனால் சூடு கட்டுக்கு மீறிப் போனால் கல் கோணிவிடும், மேற்பரப்பு செம்மண் நிறத்தில் மாறிவிடும். அப்படி மாறிய இடத்தில் எண்ணெய் நன்றாகப் பிடிக்காது.

மேலே ஏறியது இரண்டு. ஒன்று எரிந்த எண்ணெய். கல்லின் அடிப்பக்கத்தில் கரிப் பொருக்காக அரை விரல்கடை கனத்துக்குக்கூட ஏறியிருக்கும். இரண்டாவது துரு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் ஒரே முறையில் எடுக்கப் பார்ப்பதால்தான் கடைசியில் எல்லோரும் மெஷினுக்குப் போகிறார்கள்.

எண்ணெய்ப் பொருக்குக்குக் காஸ்டிக் சோடா. மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் தண்ணீர், அதில் அரை கிலோ சோடா. தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால், கொதித்து முகத்தில் தெறிக்கும். கலக்கும்போதே வாளி சூடாவதைக் கைக்குத் தெரிகிற அளவு உணரலாம். முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக்கூடாது. சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும், அதோடு தீப்பிடிக்கும் வாயுவும் கிளம்பும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் வாளியை மாடியில் ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சோடா செய்வது வேறொன்றுமில்லை. எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சவுக்காரம் ஆகும் என்பது தெரிந்ததுதானே. அதே வேலையைக் காய்ந்து இறுகிப்போன எண்ணெயிலும் செய்கிறது. இரும்பைத் தொடுவதில்லை. ஒரு வாரம் மறந்துபோய் விட்டாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வெயில் காலத்தில் வேலை வேகமாக நடக்கும். சேலத்து மாசி வெயிலில் மாடியில் இரண்டு நாளில் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. நாலாம் நாள் பணியாரக்கல்லை வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். அதுவரை கல் மாதிரி இருந்த பொருக்கு கறுப்பு அல்வா போல வழுக்கிக்கொண்டு வந்தது. குழிகளுக்கு இடையில் இருக்கும் பள்ளங்களுக்கு மட்டும் பழைய பல் தேய்க்கும் பிரஷ் தேவைப்பட்டது. தோசைக்கல்லின் அடிப்பக்கம் விடாப்பிடியாக இருந்ததால் இன்னும் ஐந்து நாள் ஊறியது.

பணியாரக்கல்லைத் திருப்பிவைத்துக் கழுவும்போது, நடுக்குழியின் முதுகில் ஒரு நீளத் தழும்பு தெரிந்தது. அரிசி நீளத்துக்கு ஒன்றும் இல்லை, இரண்டு அங்குலம் இருக்கும். தடவிப் பார்த்தால் அரத்தால் ராவிய மொட்டை விளிம்பு. உருகிய இரும்பை மணல் அச்சுக்குள் ஊற்றிய வாய் அது. ஊற்றியது உறைந்ததும், அந்த வாயில் நின்ற துண்டை உடைத்துவிட்டு ராவியிருக்கிறார்கள். சுற்றிலும் மணலின் பொரி பொரியான அச்சு அப்படியே இருந்தது. மணலில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி காப்புரிமை வாங்கியது 1707-ல். அச்சு மணலில் ஒருவர் கை அழுத்திய விதம்கூட இரும்பில் நின்றுவிடுகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான். அமெரிக்காவில் பழைய வார்ப்புச் சட்டி சேகரிப்பவர்கள் இந்தத் தழும்பை வைத்தே காலம் கணிக்கிறார்கள். அங்கே பெரிய ஃபவுண்டரிகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊற்றும் முறையை மாற்றிக்கொண்டதால், தழும்பு இருந்தால் அதற்கு முந்தியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1865-ல் பென்சில்வேனியாவில் தொடங்கிய கிரிஸ்வோல்ட் கம்பெனியின் சட்டி என்றால் அடியில் இருக்கும் முத்திரையின் அளவைப் பார்த்தே பத்தாண்டைச் சொல்வார்கள். நம் ஊர்க் கல்லில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. சின்ன வார்ப்புப் பட்டறைகளில் இன்றைக்கும் இப்படி ஊற்றுவது உண்டு. அதனால் தழும்பை வைத்து நம் கல்லின் வயதைச் சொல்ல முடியாது. குழியின் உட்புறம் எவ்வளவு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது என்பதுதான் நமக்கு இருக்கிற சாட்சி. என் கல்லில் நடுக்குழி மற்ற ஆறையும்விட வழுவழுப்பு.

சோடாத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டியதில்லை. பல சாமான்களுக்கு அதே தண்ணீர் போதும். சக்தி போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வினிகர் விட்டு, லிட்மஸ் தாள் நீலமாகாத அளவுக்கு வந்ததும் நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடுகிறேன். செடிப் பக்கம் ஊற்றுவதில்லை.

இப்போது துரு. எண்ணெய் போனதும் கல் முழுக்க ஆரஞ்சு நிறம் தெரியும், பயந்துவிடாதீர்கள், இதுவரை அது பொருக்குக்கு அடியில் ஒளிந்திருந்தது.

லேசான துரு என்றால் புளியே போதும். கெட்டியான புளிக்கரைசலில் அரை மணி நேரம், அப்புறம் தேய்ப்பு. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்தும் செய்யலாம். ஆனால் அமிலம் துருவைத் தின்று முடித்ததும் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். சின்னத் தாளிப்புக் கரண்டி ஒன்றை ராத்திரி வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன் ஒரு முறை. காலையில் எடுத்துப் பார்த்தால் உட்புறம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. இப்போது வினிகர் என்றால் அலாரம் வைத்துக்கொண்டு அரை மணிக்கொரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

இந்த இரண்டு கல்லிலும் துரு ஆழம். அதனால் மின்சாரம். 40 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் பத்து மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய மாதிரி 12 வோல்ட் கார் பேட்டரி சார்ஜர் ஒன்று. மைனஸ் கிளிப் கல்லில், ப்ளஸ் கிளிப் வேண்டாத ஓர் இரும்புத் தகட்டில். இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக்கூடாது. கிளிப் மாறிப் போனால் துருவுக்குப் பதில் கல் கரையும், எனவே சுவிட்சைப் போடும் முன் இரண்டு முறை பாருங்கள். கையை விடுவதற்கு முன்னால் சுவிட்சை அணையுங்கள். கல்லிலிருந்து குமிழாகக் கிளம்புவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. சேலம் எவர்சில்வர் ஊர். உருக்காலைத் தகடு உலகமெல்லாம் போகிறது, எந்த வீட்டுப் பரணைத் திறந்தாலும் நெளிந்த எவர்சில்வர் தட்டு நாலு இருக்கும். ப்ளஸ் பக்கம் மாட்டக் கையில் முதலில் கிடைப்பது அதுவாகத்தான் இருக்கும். மாட்டாதீர்கள். எவர்சில்வரில் இருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீரில் விஷமாக இறங்கும், புற்றுநோய் உண்டாக்கும் வகை அது. சாதாரண இரும்புத் தகடு, கட்டிடக் கம்பித் துண்டு, இவை போதும். சலவை சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் போடக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மின்சாரம் ஓடும்போது தகட்டைப் பார்த்த பக்கம்தான் வேகமாகச் சுத்தமாகும், ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிவைத்தேன். ஆறு மணி நேரம் கழித்து எடுத்தபோது சிவப்புத் துரு முழுக்கப் போய்விட்டது. அதன் இடத்தில் கறுப்புப் பொடி படிந்திருந்தது. விரலால் வழித்தால் மை மாதிரி வருகிறது. துருவில் ஒரு பகுதி இப்படிக் கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும். கஞ்சமலைக் காந்தக்கல்லில் இருப்பதும் இதே ஆக்சைடுதான். அதைக் கைப்பிடித் துணியில் வழித்து எடுத்தபோது, மலைக் கல்லாக இருந்தது, இரும்பாகி, துருவாகி, திரும்பக் கல்லாகப் பார்த்ததோ என்று தோன்றியது. சரி, வேலைக்கு வருகிறேன்.

தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியதும் கல் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அதுதான் வெறும் இரும்பு. இந்த நேரத்தில் வாசலில் யாராவது கூப்பிட்டால்கூடப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே மஞ்சள் படரும். பச்சைத் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, உடனே சிறு தீயில் அடுப்பில் ஏற்றி, கடைசி ஈரமும் போனதும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. துணியில் கொஞ்சம் மஞ்சள் வந்தால் பரவாயில்லை, இன்னொரு துணியை எடுத்துத் துடையுங்கள்.

பழக்குவதைப் பற்றி ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். வடிகஞ்சியில் மூன்று நாள் ஊறவைப்பது நம் வீடுகளில் வழக்கம். புதுக் கல்லில் ஒட்டியிருக்கும் மணலும் இரும்புத் தூசியும் போக அது நல்ல வழி. ஆனால் தோசை ஒட்டாமல் வர வைப்பது கஞ்சி இல்லை. மெல்லிய எண்ணெயும் சூடும் சேர்ந்து கல்லின் மேல் கட்டுகிற தோல்தான் அதைச் செய்கிறது. சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னி, கெட்டியான படலமாகிவிடும். எல்லா எண்ணெயும் இப்படிப் பின்னாது. தேங்காயெண்ணெயில் பின்னுவதற்கான கொழுப்பு மிகக் குறைவு, அதனால் அதில் பழக்கினால் நாள்கணக்கில் ஆகும். நல்லெண்ணெய் நன்றாகப் பின்னும். கடலையெண்ணெயும் நல்லதுதான். ஆளிவிதை எண்ணெய் எல்லாவற்றையும்விட வேகமாகக் காய்ந்து கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஆனால் சில மாதத்தில் செதில் செதிலாக உரிகிறது. நான் இரண்டு சட்டியில் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்கு நல்லெண்ணெய்தான்.

எண்ணெயின் அளவில்தான் எல்லோரும் தவறுகிறோம். தடவுகிற வேலையைவிடத் துடைக்கிற வேலை பெரிது. சூடான கல்லில் அரைக் கரண்டி எண்ணெய் விட்டு, பருத்தித் துணியால் எல்லா இடமும் பரப்பி, பிறகு உலர்ந்த வேறொரு துணியால் எண்ணெய் தடவியதே தெரியாத வரை துடைக்க வேண்டும். பணியாரக்கல்லில் முதல் முறை நான் குழிகளைச் சரியாகத் துடைக்கவில்லை. எண்ணெய் அடியில் தேங்கி, காய்ந்து, கம்பிப் பதம் வந்த வெல்லப்பாகு போல ஒட்டிக்கொண்டது. விரலை வைத்தால் விரல் அச்சு விழுந்தது. மறுபடி சோடா வாளி, மறுபடி நாலு நாள். இரண்டாம் முறை துடைத்த பிறகு கல்லைக் குப்புறக் கவிழ்த்து ஓடிஜி அடுப்பில் 230 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். அணைத்து, உள்ளேயே ஆறவிட்டு, மறுபடி எண்ணெய், மறுபடி துடைப்பு. இப்படி ஐந்து முறை. முதல் முறைக்குப் பிறகு தேன் நிறம், மூன்றாவதில் பழுப்பு, ஐந்தாவதில் கறுப்பு. தோசைக்கல் ஓடிஜிக்குள் நுழையாது. கொல்லைப்புறத்தில் விறகுத் தணலில் வைத்து, புகை வந்து அடங்கும் வரை விட்டு எடுத்தேன்.

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஏற்காட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஒண்டிக்கடையிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு காபித் தோட்டத்துப் பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள், சமையலறையில் இரும்புச் சாமான் இருக்கிறது என்று. இருபது கொண்டையூசி வளைவும் ஏறிப் போனேன். பங்களாவில் வெகுகாலம் சமையல்காரராக இருந்த பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்த பிறகு, வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து தங்கினார்கள். அவர்கள் கப்பலில் கொண்டுவந்த சாமானில் எது எங்கே போயிற்றோ, ஒரு பானை மட்டும் அந்தச் சமையலறை மூலையில் இருந்தது. மூன்று குட்டைக் கால், உருண்ட வயிறு, வளைந்த கம்பிப் பிடி. பக்கவாட்டில் எழுத்து. துணியை நனைத்துத் துடைத்தால் கென்ரிக் என்று வாசிக்க முடிந்தது. இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஊரில் 1791-ல் தொடங்கிய வார்ப்புக் கம்பெனி அது.

"உள்ளார கறுப்பா இல்ல பாருங்க பாப்பா, ஈயப் பூச்சு" என்றார் பெரியவர்.

உள்ளே விரலை விட்டேன். மங்கலான வெள்ளி நிறம், அங்கங்கே தேய்ந்து இரும்பு எட்டிப் பார்த்தது. அவர் சொன்னதுதான் சரி, வெள்ளீயம் பூசிய பானை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாளிக்குள் போட்டிருப்பேன். காஸ்டிக் சோடா வெள்ளீயத்தைக் கரைக்கும். எண்ணெய் தடவி 230 டிகிரியில் வைப்பதும் நடக்காது, வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். அந்தக் காலத்துப் பூச்சில் காரீயம் கலந்திருக்கவும் கூடும், எனவே இதில் சமைக்கும் யோசனையும் இல்லை. வெளிப்பக்கத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பிடிக் கம்பி கோத்த இடத்தில் படிந்திருந்த கரியைக்கூட எடுக்கவில்லை. ஏற்காட்டுப் பனியில் இரும்பு இவ்வளவு நாள் தாங்கியதற்கே அந்தக் கரியும் எண்ணெயும்தான் காரணம்.

பணியாரத்துக்கு வருகிறேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் இட்லி மாவில் சின்ன வெங்காயம், கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி ஊற்றினேன். சுற்றியிருந்த ஆறும் குச்சி பட்டதும் உருண்டு திரும்பின. நடுக்குழி மட்டும் அடியில் பிடித்துக்கொண்டது. காஸ் அடுப்பின் தீ நடுவில் படுவதால் அங்கே சூடு அதிகம், மாவு விழுந்ததும் பிடிக்கிறது. இரண்டாம் ஈட்டுக்குத் தீயைக் குறைத்து, நடுக்குழிக்குக் கடைசியில் மாவு ஊற்றினேன். பாதி வந்தது. இதுவரை எட்டு முறை சுட்டாயிற்று. கழுவும்போது சோப்பு கொஞ்சம் போட்டால் ஒன்றும் ஆகாது, ஊறப்போடுவதுதான் கூடாது. கழுவி, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். நடுக்குழிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு துடைப்பு.

அம்மாயியின் கல்லையும் இப்போது அடுப்பில் ஏற்றிவிட்டேன். கடைத் தோசைக்கல்லுக்குச் செய்ததை அதற்கும் செய்தேன். சக்கரத்தின் கீறல் போகவில்லை, எண்ணெய்த் தோல் அதன் மேல் படிந்து கொஞ்சம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். வாரத்தில் நாலு நாள் அதில்தான் தோசை. ஓரத்தில் நன்றாக எழும்புகிறது. நடுவில் இன்னும் திருப்பியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. போன வாரம் என் மகள் ஊற்றிய இரண்டாவது தோசை தானாக விளிம்பு தூக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் இருவருமே அடுப்பை அணைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒரு பக்கம் கொஞ்சம் கருகிவிட்டது.